மொட்டை மாடியில் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர்!

லேபுக்கு வெளியே...

ஈ.சி.இ. மக்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. படிப்பு முடியறதுக்குள்ள எத்தனை தடவை நிஜமான ஒரு ரேடியோ சிக்னலைக் கண்ணால பார்த்திருக்கீங்க? ரெக்கார்டு நோட்டில் ஏ.எம். அலையை ஸ்கேல் வெச்சு வரைஞ்சிருப்பீங்க. சீனியரோட ரெக்கார்டைப் பார்த்து அப்படியே இறக்கியிருப்பீங்க. வைவாவில் 'மாடுலேஷன் இண்டெக்ஸ் என்ன?'ன்னு கேட்டா டக்குனு பதிலும் சொல்லுவீங்க. ஆனா, ஜன்னலுக்கு வெளியே இப்போ இந்த நிமிஷம் ஓடிக்கிட்டிருக்கிற சிக்னல் எப்படி இருக்கும்னு கேட்டா... ஙே!

உங்க மேல தப்பில்லை. ஸ்பெக்ட்ரம் அனலைசர் விலை லட்சத்தில் இருக்கு. லேபில் இருக்கிற ஒண்ணே ஒண்ணு, துணி போர்த்தின மாமியார் வீட்டு வீணை மாதிரி. பார்க்கலாம், தொடக் கூடாது!

அந்த லட்ச ரூபா மெஷின் செய்யற வேலையில் பாதியை, சில ஆயிரம் ரூபாய் டாங்கிளும் ஓசியில் கிடைக்கிற சாஃப்ட்வேரும் செஞ்சுடும்னா? அதுதான் இந்த வார மேட்டர். வாராவாரம் ஒரு ஊரில் நிற்கிற நம்ம பஸ், இந்த வாரம் நிற்கிற ஸ்டாப்... திருக்கோகர்ணம். இறங்குங்க!

கல்லில் எழுதின ஸ்வரம்

புதுக்கோட்டைக்காரங்களுக்கு இந்த ஊரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு ரெண்டு வரி. பாறையைக் குடைஞ்சு கட்டின கோகர்ணேஸ்வரர் கோயிலும், தொண்டைமான் மன்னர்களோட குலதெய்வம் பிரகதாம்பாளும் இங்கேதான். 1910-ல் சமஸ்தான காலத்தில் ஆரம்பிச்ச புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகமும் இங்கேதான்.

இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுன்னு ஆராய்ச்சியாளர்கள் கணிக்கிற இசைக் கல்வெட்டு அங்கே இருக்கு. ஏழு ராகங்களுக்கான ஸ்வரக் கோர்வைகளை, நாலு நாலு ஸ்வரமாப் பிரிச்சுப் பாறையில் வரிசையா வெட்டி வெச்சிருக்காங்க. காதால கேட்கிற விஷயத்தைக் கண்ணால படிக்கிற மாதிரி எழுதி வைக்கணும்ங்கிற ஆசை இந்த வட்டாரத்துக்கு ரொம்பப் பழசு!

இன்னிக்கு அதையே கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் பண்றாங்க. பேரு 'வாட்டர்ஃபால்'. இடமிருந்து வலம் ஃப்ரீக்வென்சி, மேலிருந்து கீழே நேரம். சிக்னல் வலுவா இருந்தா மஞ்சள், சிவப்பு... இல்லாத இடத்தில் நீலம். புது வரி மேலே வந்து விழ, பழசு கீழே இறங்கிக்கிட்டே இருக்கும். குற்றாலம் போகாமலே அருவி!

டி.வி. குச்சி ரேடியோவான கதை

பழைய ரேடியோவில் எல்லாமே பார்ட்ஸ். ஒரு ஸ்டேஷனைப் பிரிச்சு எடுக்க காயில், கண்டென்சர். சத்தமாக்க இன்னொரு சர்க்யூட். ஏ.எம்.முக்கு ஒரு வழி, எஃப்.எம்.முக்கு வேற வழி. 'இந்த வேலையை எல்லாம் பார்ட்ஸ் ஏன் செய்யணும்? சிக்னலை நம்பரா மாத்திட்டா, மிச்சத்தை ப்ரோக்ராம் பார்த்துக்காதா?'ங்கிறதுதான் சாஃப்ட்வேர் ரேடியோ. 1990-களின் தொடக்கத்தில் அந்தப் பேரைப் பிரபலமாக்கினவர் அமெரிக்க இன்ஜினீயர் ஜோசப் மிட்டோலா. 2001-ல் 'க்னூ ரேடியோ'ங்கிற இலவச மென்பொருள் தொகுப்பு வந்துச்சு. 2002-ல் ஜெரால்ட் யங்பிளட் என்கிற அமெச்சூர் ரேடியோக்காரர், கம்ப்யூட்டர் சவுண்டு கார்டையே ரேடியோவோட மூளையா ஆக்கிக் காட்டி, 'ஆம்ஜனங்களுக்கான சாஃப்ட்வேர் ரேடியோ'ன்னு தொடர் கட்டுரை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃப்ளெக்ஸ்ரேடியோ கம்பெனி.

ஆனா நம்ம பாக்கெட்டுக்கு அது எட்டுமா? எட்டலை. 2012 வரைக்கும்!

ஐரோப்பாவில் லேப்டாப்பில் டி.வி. பார்க்கறதுக்குன்னு பென் டிரைவ் சைஸில் ஒரு யு.எஸ்.பி. குச்சி வித்துக்கிட்டிருந்தாங்க. உள்ளே இருந்த சிப் ரியல்டெக் கம்பெனியோட ஆர்.டி.எல்.2832யு. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்ட்டி பலோசாரி என்கிற லினக்ஸ் டெவலப்பர் அதை நோண்டிப் பார்த்தார். இந்தக் குச்சி எஃப்.எம். கேட்கும்போது, சிக்னலைத் தானே பிரிச்செடுக்காம, பச்சையா நம்பர்களாக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிடுதுன்னு கண்டுபிடிச்சார். 'ஆஸ்மோகாம்' குழுவினர் அதைப் பிடிச்சுக்கிட்டு டிரைவர் எழுதினாங்க. அவ்ளோதான்! டி.வி. குச்சி ஒரே ராத்திரியில் ரேடியோ ரிசீவர் ஆயிடுச்சு. ஆர்.820டி ட்யூனர் வெச்ச குச்சின்னா சுமார் 24-லிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எதை வேணா பிடிக்கும்.

கம்பெனி அதை அந்த நோக்கத்தில் செய்யவே இல்லை. யாரோ ஒருத்தர் 'ஏன்?'னு கேட்டதால் உலகம் முழுக்க ஸ்டூடன்ட்ஸ் கையில் ரேடியோ வந்துச்சு. கவனிச்சீங்களா?

உள்ளே என்னதான் நடக்குது?

இங்கே கொஞ்சம் சீரியஸ். அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க, செமஸ்டருக்கும் உதவும்.

டாங்கிள் ஒரு விநாடிக்கு 24 லட்சம் தடவை சிக்னலை அளக்குதுன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நம்பர் வரும். ஒண்ணு 'ஐ', இன்னொண்ணு 'கியூ'. ரெண்டாவது, முதலாவதிலிருந்து 90 டிகிரி தள்ளி அளந்தது. எதுக்கு ரெண்டு? ஒரே நம்பரா இருந்தா, நடுப் புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கிற சிக்னலையும் இடப்பக்கம் இருக்கிறதையும் பிரிச்சுப் பார்க்க முடியாது. ரெண்டு இருந்தா அலை எந்தப் பக்கம் சுத்துதுன்னே தெரிஞ்சுடும். காம்ப்ளெக்ஸ் நம்பரை எம்-1-ல் எதுக்குடா படிச்சோம்னு திட்டினீங்களே... இதுக்குத்தான்!

விநாடிக்கு 24 லட்சம்னா, ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஜன்னல் திறக்குது. இந்தியாவில் அமெச்சூர் ரேடியோக்காரங்களுக்குக் கொடுத்திருக்கிற 2 மீட்டர் பேண்ட் 144-லிருந்து 146 மெகாஹெர்ட்ஸ். அதாவது மொத்த பேண்டும் ஒரே ஸ்கிரீனில் அடங்கிடும். பழைய செட்டில் இருட்டு ரூமில் டார்ச் அடிக்கிற மாதிரி ஒவ்வொரு இடமாத் தடவணும். இங்கே லைட்டையே போட்டாச்சு!

அடுத்து எஃப்.எஃப்.டி. கூலியும் டூக்கியும் 1965-ல் எழுதின கணக்கு. நம்பர் கும்பலை எடுத்து, எந்தெந்த ஃப்ரீக்வென்சி எவ்வளவு இருக்குன்னு பிரிச்சுத் தரும். சாஃப்ட்வேரில் 'எஃப்.எஃப்.டி. சைஸ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கும். பலரும் அதைத் தொடறதே இல்லை. அதுலதான் விஷயமே இருக்கு!

4,096 வெச்சா 24 லட்சத்தை 4,096-ஆல் வகுங்க. ஒரு கட்டத்துக்குச் சுமார் 586 ஹெர்ட்ஸ். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள எஃப்.எம். ஸ்டேஷனுக்கு இது தாராளம். ஆனா 100 ஹெர்ட்ஸ் அகலம்கூட இல்லாத மோர்ஸ் சிக்னல், அந்த ஒரே கட்டத்துக்குள்ள சத்தத்தோட சத்தமாக் கரைஞ்சு காணாமப் போயிடும். 65,536-க்கு ஏத்துங்க. கட்டம் 37 ஹெர்ட்ஸ் ஆகும். கட்டம் சின்னதாக ஆக, அதுக்குள்ள விழற இரைச்சலும் குறையும். இல்லாத இடத்திலிருந்து மெல்லிசா ஒரு கோடு எழுந்து நிக்கும் பாருங்க... அந்த சுகமே தனி!

சும்மா வருமா? வராது. 4,096 நம்பர் சேர 1.7 மில்லி செகண்டு போதும். 65,536 சேர 27 மில்லி செகண்டு ஆகும். ஃப்ரீக்வென்சியைத் துல்லியமாப் பார்க்கணும்னா நேரத்தில் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. 'டைம்-ஃப்ரீக்வென்சி ட்ரேட் ஆஃப்'னு பாஸ் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினது இதைத்தான். இங்கே மவுஸை நகர்த்தினாலே கண்ணுக்குத் தெரியும்.

அருவியைப் படிப்போமா?

வாட்டர்ஃபாலில் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு முகம் உண்டு. நாலு நாள் பார்த்தா, கேட்காமலே ஆளைச் சொல்லிடலாம்.

எஃப்.எம். ஸ்டேஷன்: குண்டா, ஓரம் அலைஅலையா இருக்கும். பாட்டு சத்தமா ஓடும்போது விரியும், அறிவிப்பாளர் மூச்சு விடும்போது சுருங்கும்.

ஏ.எம்.: நடுவில் ஆடாத அசையாத ஒரு கோடு. ரெண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே உருவம்.

எஸ்.எஸ்.பி.: அமெச்சூர் ரேடியோக்காரங்க ஷார்ட்வேவில் பேசற முறை. ஏ.எம்.மில் நடுக்கோட்டையும் ஒரு பக்கத்தையும் வெட்டிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பறது. பேசும்போது திட்டுத்திட்டா வரும், நிறுத்தினா ஒண்ணுமே இருக்காது. அகலம் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ்.

மோர்ஸ்: மெல்லிய கோடு, விட்டுவிட்டு. குட்டை, நெட்டை, குட்டை... காது கேட்காதவங்ககூடக் கண்ணால படிச்சுடலாம்.

எஃப்.டி.8: 14.074 மெகாஹெர்ட்ஸில் பாருங்க. 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ரயில் தண்டவாளம் மாதிரி பட்டை பட்டையா, 15 விநாடிக்கு ஒரு தடவை எல்லாம் சேர்ந்து வரும், சேர்ந்து நிக்கும். 2017-ல் இதை உருவாக்கின ரெண்டு பேரில் ஒருத்தர் ஜோ டெய்லர். 1993-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினவர். நோபல் வாங்கினாலும் ரேடியோ கிறுக்கு போகலை பாருங்க!

கடைசியா வில்லன். சம இடைவெளியில் வரிசையா நெட்டுக்குத்தா நிக்கிற கோடுகள், லேசா ஆடிக்கிட்டே... அது எந்த ஸ்டேஷனும் இல்லை. உங்க வீட்டு எல்.இ.டி. பல்ப், மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர்! ஒவ்வொண்ணா பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. எதைப் பிடுங்கும்போது கோடு மறையுதோ, அதான் திருடன். 'ஏண்டா, ஃபேனை ஏன் நிறுத்தினே?'ன்னு அம்மா கேட்டா, 'ப்ராஜெக்ட்'னு சொல்லித் தப்பிச்சுக்கங்க.

சாஃப்ட்வேர் எது?

விண்டோஸா? 'எஸ்.டி.ஆர். ஷார்ப்', 'ஹெச்.டி.எஸ்.டி.ஆர்.' ரெண்டும் பழம் தின்னு கொட்டை போட்டவை. ரெண்டாவது, இத்தாலிய அமெச்சூர் ஆல்பர்டோ டி பெனே எழுதின 'வின்ராட்'டோட வாரிசு. லினக்ஸ், மேக்னா 'ஜி.க்யூ.ஆர்.எக்ஸ்.' எந்த மெஷினா இருந்தாலும் ஓடணும்னா 'எஸ்.டி.ஆர். ப்ளஸ் ப்ளஸ்'. சோர்ஸ் கோடு திறந்தே இருக்கு. பிரிச்சுப் படிச்சா அதுவே ஒரு ஃபைனல் இயர் பாடம். லேப்டாப் இல்லையா? கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ஓ.டி.ஜி. கேபிள் போட்டு டாங்கிளைச் சொருகினாலும் வேலை நடக்கும்.

விண்டோஸில் முதல் தடவை சொருகும்போது அது 'நான் டி.வி.'ன்னு அடம் பிடிக்கும். 'ஸாடிக்'ங்கிற குட்டி ப்ரோக்ராமால் டிரைவரை மாத்தணும். லினக்ஸில் டி.வி. டிரைவரை பிளாக்லிஸ்ட் பண்ணணும். முக்கால்வாசிப் பேர் முதல் நாளே கைவிடற இடம் இதுதான். தாண்டிட்டீங்கன்னா ஜாலி.

அடுத்த பொறி, 'கெயின்'. டாங்கிளில் இருக்கிறது 8 பிட். அதாவது 256 படி மட்டும்தான். பக்கத்தில் பலமான எஃப்.எம். ஸ்டேஷன் இருக்கும்போது கெயினை முழுசா ஏத்தினா, படிக்கட்டு பத்தாம வழிஞ்சு, ஒரே ஸ்டேஷன் இருபது இடத்தில் பேயா வந்து நிக்கும். 'ஆஹா, எவ்வளவு ஸ்டேஷன்!'னு ஏமாந்துடாதீங்க. கெயினைக் குறைச்சா பேய் ஓடும், நிஜ சிக்னல் நிக்கும். பேயோட்ட வேப்பிலை தேவையில்லை, மவுஸ் போதும்.

ஆன்டெனாவுக்குக் காசு செலவழிக்காதீங்க. வீட்டு வயரிங்குக்கு வாங்கின ஒயரில் மிச்சம் கிடக்குமே, அதுல 49 சென்டிமீட்டரில் ரெண்டு துண்டு வெட்டுங்க. ஒண்ணைக் கோஆக்சியல் கேபிளோட நடுக் கம்பியில், இன்னொண்ணை வெளி வலையில் சேருங்க. ரெண்டையும் எதிரெதிராப் பிடிச்சு மூங்கில் குச்சியில் கட்டிட்டா 145 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் ரெடி. கரன்ட் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் எந்த ஆன்டெனாவையும் கட்டாதீங்க. இடி மின்னல் வந்தா கேபிளைக் கழட்டிட்டுக் கீழே இறங்கிடுங்க.

திருக்கோகர்ணத்து மாடியில் என்னென்ன சிக்கும்?

முதலில் 102.1. திருச்சி ரெயின்போ. சுமார் 50 கிலோமீட்டரிலிருந்து வர்றதால் டெஸ்ட் பண்ண சௌகரியம். டாங்கிளுக்குள்ள இருக்கிற கடிகாரம் கொஞ்சம் பொய் சொல்லும். தெரிஞ்ச ஸ்டேஷன் எந்த இடத்தில் நிக்குதுன்னு பார்த்து, 'பி.பி.எம்.' திருத்தம் போட்டுக்கங்க. இலங்கை வானொலித் தமிழ்ப் பாட்டுக்காக உங்க தாத்தா ரேடியோ குமிழை நூலளவு திருகினாரே... அதே வேலைதான், இப்போ நம்பரில்!

அடுத்து, சர்வதேச விண்வெளி நிலையம். 145.800 மெகாஹெர்ட்ஸ். தலைக்கு மேலே போகும்போது பத்து நிமிஷம் மாதிரி கிடைக்கும். அதில் இருக்கிறவங்க ஸ்கூல் பசங்களோட பேசறது இந்த ஃப்ரீக்வென்சியில்தான். 2025 ஜூலையில் நம்ம சுபான்ஷு சுக்லா அங்கிருந்து இந்திய மாணவர்களோட பேசினதும் ஹாம் ரேடியோ வழியாத்தான். சில சமயம் படங்களையும் சத்தமா மாத்தி அனுப்புவாங்க. வாட்டர்ஃபாலில் அந்த சிக்னல் நேராக் கீழே இறங்காது. 3.5 கிலோஹெர்ட்ஸ் வலப்பக்கம் தள்ளி ஆரம்பிச்சு, வளைஞ்சு, இடப்பக்கம் போய் முடியும். டாப்ளர் எஃபெக்ட்! ஆம்புலன்ஸ் உதாரணம் சொல்லியே எட்டாம் கிளாஸிலிருந்து ஒப்பேத்தினாங்களே, இப்போ விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல பறக்கிற வண்டியில் அதைப் பாருங்க.

வானிலை சேட்டிலைட்டும் உண்டு. ஆனா பழைய செய்முறையைப் பார்த்து நோவா-15, 18, 19-ஐத் தேடாதீங்க. மூணையும் 2025-ல் நிறுத்திட்டாங்க. ரஷ்யாவோட மெட்டியோர்-எம் வரிசை 137 மெகாஹெர்ட்ஸில் டிஜிட்டலாப் படம் அனுப்புது. மேகம் மூடின வங்காள விரிகுடாவை நீங்களே இறக்கிப் பார்க்கலாம்.

நம்ம பசங்க செஞ்ச சேட்டிலைட்டும் இந்தப் பட்டியலில் இருந்தது. எஸ்.ஆர்.எம். மாணவர்களோட எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபர் 12-லயும், சத்யபாமா மாணவர்களோட சத்யபாமாசாட் 2016 ஜூன் 22-லயும் பி.எஸ்.எல்.வி.யில் ஏறிச்சு. ரெண்டுமே அமெச்சூர் பேண்டில்தான் 'நான் உயிரோட இருக்கேன்'னு கூவின. இஸ்ரோவே அமெச்சூர்களுக்குன்னு 2005 மே 5-ல் அனுப்பின ஹாம்சாட், 2014 வரைக்கும் உழைச்சது.

இப்போ கிளைமாக்ஸ். ரீசார்ஜ் பண்ணாம துருப்பிடிச்சுக் கிடக்கிற டி.டி.ஹெச். டிஷ் உங்க மாடியிலேயே ஒண்ணு இருக்கும். அதைக் கிட்டத்தட்ட நேர் மேற்கே திருப்புங்க. கோயில் பக்கமிருந்து கணக்குப் போட்டா, தொடுவானத்திலிருந்து சுமார் 29 டிகிரி மேலே. அங்கே கத்தார் நாட்டோட எஸ்ஹெய்ல்-2 சேட்டிலைட் நிக்குது. அதில் கியூஓ-100ங்கிற அமெச்சூர் பகுதி, பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரைக்கும் உள்ள ஹாம்களை 24 மணி நேரமும் பேச வைக்குது. பூமியோட சேர்ந்தே சுத்தற உயரத்தில் அமெச்சூர்களுக்குக் கிடைச்ச முதல் இடம் அதுதான்.

அதோட ஃப்ரீக்வென்சி 10,489.5-லிருந்து 10,490 மெகாஹெர்ட்ஸ். டாங்கிளுக்கு எட்டாதே? டிஷ் மூக்கில் இருக்கிற எல்.என்.பி. எதுக்கு இருக்கு! 'யுனிவர்சல்' வகை எல்.என்.பி.ன்னா அது 9,750-ஐக் கழிச்சுடும். கழிச்சா... 739.5. டாங்கிள் கைக்கு எட்டிடுச்சு! எல்.என்.பி.க்கு 12 வோல்ட் கொடுக்கணும். அந்த கரன்ட் டாங்கிளுக்குள்ள போகாம தடுக்க 'பயாஸ் டீ' போடணும். இதை மறந்தீங்கன்னா டாங்கிள் புகையும், ஜாக்கிரதை.

அந்தப் புயல் ராத்திரி

இதெல்லாம் பொழுதுபோக்குதானேன்னு நினைக்கிறவங்க ஒரு தேதியை ஞாபகப்படுத்திக்கங்க. 2018 நவம்பர் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறினது அன்னிக்கு அதிகாலை 12.30-லிருந்து 2.30-க்குள்ள. புதுக்கோட்டை மாவட்டமும் சேர்ந்துதான் அடி வாங்கிச்சு. தென்னையும் பலாவும் சாய்ஞ்சுது, மின்கம்பம் மடிஞ்சுது, செல் டவர் செத்துது. பல கிராமங்களில் நாள்கணக்கா கரன்ட் இல்லை. பேரணிலேர்ந்து பெங்களூர் பையன் வரைக்கும் 'ஆத்தா எப்படி இருக்கா?'ன்னு தெரியாம தவிச்சது நம்ம வீட்டுக் கதை.

அதே அதிகாலை, இந்திய நேரப்படி 2.16-க்கு, ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு ஃபால்கன்-9 ராக்கெட் கிளம்பிச்சு. அதில் இருந்ததுதான் நாம இப்போ டிஷ் திருப்பிப் பார்த்த எஸ்ஹெய்ல்-2!

சேட்டிலைட்டைக் கேட்டா புயல் நிக்கும்னு சொல்லலை. கேட்கிறதால மட்டும் யாரையும் காப்பாத்தவும் முடியாது. ஆனா டவர் விழுந்த அன்னிக்கு, பைக் பேட்டரியும் இருபது மீட்டர் ஒயரும் இருந்தா பேச முடிஞ்ச ஒரே கூட்டம் லைசென்ஸ் வாங்கின ஹாம்கள்தான். 2004 டிசம்பரில் அமெச்சூர் ரேடியோ முகாமுக்காக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழு, 26-ம் தேதி சுனாமி அடிச்சதும் அப்படியே அவசரச் சேவையில் இறங்கிச்சு. போன் செத்துப்போன அந்தமானிலிருந்து 'உயிரோட இருக்காங்க'ங்கிற ஒரு வரிச் செய்திகளை மெயின்லாண்டுக்கு அனுப்பினது அந்த ரேடியோதான்.

கடற்கரை வெச்சிருக்கிற மாவட்டம் இது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடின்னு போட்டு போகிற ஊர்கள். அடுத்த புயலுக்குப் பேர்கூட வெச்சாச்சு. மாவட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு இன்ஜினீயரிங், பாலிடெக்னிக் காலேஜிலும் லைசென்ஸ் உள்ள ரெண்டு ஸ்டூடன்ட் இருந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க. அதுக்கான முதல் படிதான் இந்த டாங்கிள். பேண்டைப் பார்க்கத் தெரிஞ்சவனுக்கு எங்கே இடம் காலி, எங்கே யார் பேசறாங்க, எது இரைச்சல்னு தெரியும். அவசரத்தில் அந்தப் பார்வைதான் முக்கியம்.

சட்டம்... ப்ளீஸ்!

ஒண்ணு: அனுப்பறதுக்கு லைசென்ஸ் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறையோட வயர்லெஸ் பிரிவு, அதாவது டபிள்யூ.பி.சி., தேர்வு வெச்சுக் கொடுக்குது. 1978 விதிகளின்படி 12 வயசு ஆகியிருந்தாலே எழுதலாம். ரேடியோ தியரி, விதிமுறைகள்னு ரெண்டு பகுதி. ஈ.சி.இ. பசங்களுக்கு முதல் பகுதி அல்வா. 'ரெஸ்ட்ரிக்டட்' கிரேடுக்கு வியூ3-ல ஆரம்பிக்கிற அழைப்புப் பெயர், 'ஜெனரல்' கிரேடுக்கு வியூ2. அந்தப் பெயர் உலகத்தில் உங்க ஒருத்தருக்கு மட்டும்தான்!

ரெண்டு: கண்டதையும் கேட்கக் கூடாது. எல்லாருக்குமான ஒலிபரப்பு, அமெச்சூர் பேண்ட், விண்வெளி நிலையம்னு நிறுத்திக்கங்க. போலீஸ், ராணுவம் பக்கம் போறது கெத்து இல்லை, கேஸு. தவறிக் காதில் விழுந்தாலும் யார்கிட்டயும் சொல்றது, ரெக்கார்டு பண்ணி ஃபார்வர்டு பண்றது கூடவே கூடாது.

ஹைதராபாத் காட்டின வழி

'டாங்கிள் வெளிநாட்டுக் குப்பை, நாம என்ன செஞ்சோம்?'னு கேட்கிறவங்களுக்கு ஒரு பேர்: அஷ்ஹர் ஃபர்ஹான். ஹைதராபாத்காரர். அழைப்புப் பெயர் வியூ2இஎஸ்இ. உள்ளூர்க் கடையில் கிடைக்கிற பார்ட்ஸை வெச்சே ஷார்ட்வேவில் பேசற மாதிரி 'பிட்எக்ஸ்'னு ஒரு செட்டை டிசைன் பண்ணி, சர்க்யூட்டை ஊருக்கே கொடுத்தார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கட்டிப் பார்த்தாங்க. அதோட வாரிசுகளில் ஒண்ணு 'எஸ்பிட்எக்ஸ்'. உள்ளே ராஸ்பெர்ரி பை. வாட்டர்ஃபால், மோர்ஸ், எஃப்.டி.8 எல்லாமே அதோட ஸ்கிரீனில். சர்க்யூட்டும் சோர்ஸ் கோடும் திறந்த புத்தகம். கேட்கிறதோட நிக்காம அனுப்பவும் செய்யும், லைசென்ஸ் இருந்தா. உலகத்தரம்னு தேடி சிலிக்கான் வேலி போக வேண்டாம், காச்சிகுடா ரயிலே போதும்!

டவுட் கார்னர்

டாங்கிள் வாங்கக்கூட இப்போ காசு இல்லையே?
நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் 2008-ல் தன்னோட ரிசீவரை உலகத்துக்கே திறந்து விட்டுச்சு. 'வெப்எஸ்டிஆர்'னு பேரு. ஒரே நேரத்தில் நூத்துக்கணக்கான பேர் ஆளுக்கொரு இடத்தில் ட்யூன் பண்ணலாம். போனில் நெட் இருந்தா வாட்டர்ஃபால் படிக்கிறதை இன்னிக்கே ஆரம்பிக்கலாம்.

ஷார்ட்வேவ் கேட்க முடியாதா?
சாதாக் குச்சி 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. 'அப்கன்வெர்ட்டர்' சேர்க்கணும், இல்லேன்னா அந்த வசதி உள்ளேயே இருக்கிற மாடலா வாங்கணும். அப்போ இந்திய ஹாம்கள் சாயங்காலம் கூடற 7 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் கைக்கு வரும்.

ப்ராஜெக்ட்டா பண்ணலாமா?
தாராளமா. உங்க ஊரில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் இரைச்சல் அதிகம்னு ஒரு மாசம் அளந்து வரைபடம் போடுங்க. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, கோயில் தெரு, வயக்காடு... யாரும் உங்களுக்கு முன்னாடி செஞ்சிருக்க மாட்டாங்க. ரெடிமேட் ப்ராஜெக்ட் விக்கிற கடையிலும் கிடைக்காது!

இந்த வார வேலை

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாடி ஏறுங்க. 145.800-ல் வாட்டர்ஃபாலை ஓட விட்டு, விண்வெளி நிலையம் எப்போ உங்க ஊரைத் தாண்டுதுன்னு முன்னாடியே பார்த்து வெச்சுக்கங்க. சிக்னல் வந்தா அந்த வளைகோட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. நடுவில் எவ்வளவு வேகமா நகருதுன்னு அளந்து, வேகத்தைக் கணக்குப் போடுங்க. வரலையா? விடாதீங்க, அவங்க எப்பவும் அனுப்பிக்கிட்டே இருக்க மாட்டாங்க. அடுத்த சுத்து ஒன்றரை மணி நேரத்தில். அந்த இடைவெளியில் டீயைக் குடிச்சுட்டு, 102.1-ல் கெயினை ஏத்தி இறக்கிப் பேய் ஓட்டிப் பழகுங்க.

விடை சரியா வந்தா, ரெக்கார்டு நோட்டில் நீங்களே வரைஞ்சு ஒட்டுங்க. இந்தத் தடவை சீனியரோட நோட்டு தேவைப்படாது.